வீடு தேடி வந்த ஆள்



1956இல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு தொடங்கியது. 193 நோயாளிகள், பெரும்பாலும் ஏழைகள். பாதிப்பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மீதிப்பேர் நெரிசலான சொந்த வீட்டில். மருந்து ஒன்றே, ஓராண்டு. 1959இல் முடிவு வந்தது: இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். கூட இருந்த குடும்பத்துக்கும் தொற்று கூடிவிடவில்லை. நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டாம் என்றானது. (ஒதுக்கிவைப்பது என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.) உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாய் மூடின.

ஆனால் அந்த ஆய்வில் மாத்திரை மட்டுமா இருந்தது? விழுங்கினாரா என்று வீடு தேடிப்போய்ப் பார்க்கிற ஆளும் இருந்தார். நோயாளியை வீட்டுக்கு அனுப்பியவர்கள் அந்த ஆளை அறிக்கையிலேயே விட்டுவிட்டார்கள்.

2009இல் எங்க பெரியப்பா தோல் கிடங்கில் கூலி. வாரம் மூணு நாள் மாத்திரைக்குப் போனா மூணு நாள் கூலி போச்சு. ரெண்டு மாசத்தில் இருமல் அடங்கிச்சு, நிறுத்திட்டார். யாரும் தேடி வரல. அடுத்த வருசம் செத்துப்போனார். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர் என்று பதிவேட்டில் எழுதினார்கள். நிறுத்தியது அவர் மட்டுந்தானா?

இப்போது நோயாளியின் சாப்பாட்டுக்கென அரசுப் பணம் வங்கிக் கணக்கில் வருகிறது; மாதம் 500, 2024 நவம்பரிலிருந்து 1000. என் கவுண்டருக்குப் பாஸ்புக்கோடு வருகிறவர் குரலைத் தாழ்த்தி, "ஏறிடுச்சா சார்?" என்கிறார். எந்தப் பணம் என்று சொல்வதில்லை. பல மாதம் ஏறியிருப்பதுமில்லை.