தென்னை மட்டை வண்டி

போன மே மாதம் சென்னையிலிருந்து பேத்தி வந்திருந்தாள். நாலரை வயது. அவள் பள்ளியில் சறுக்குமரத்தடியில் ரப்பர் விரித்திருக்கிறார்களாம், விழுந்தாலும் வலிக்காது. எங்கள் தெருவில் அந்த வசதி கிடையாது.

என் மனைவியின் ஊர் போடி. ஓய்வுக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்டோம். மலையடிவாரத்தை ஒட்டிய தெரு. விடியுமுன்பே பெண்கள் ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் அப்பத்தா, அம்மாச்சி பொறுப்பில். மூன்று வயது முதல் ஏழு வயது வரை ஒரே கும்பல்தான். அவர்களுடைய வாகனம் காய்ந்த தென்னை மட்டை. ஓலைப் பக்கம் ஒருவர் உட்கார, இரண்டு பேர் அடியைப் பிடித்துச் சரிவில் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

முதல் நாள் பேத்தி ஏறி உட்கார்ந்து, "ம், இழுங்க!" என்றாள். யாரும் அசையவில்லை. "நீ மொதல்ல எங்கள இழு" என்றது ஒரு வாண்டு. அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். எழுந்து போய்ப் பஞ்சாயத்துப் பண்ணக் கால் பரபரத்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அது எளிதல்ல. வம்பு வரும் என்று தோன்றினால் கோப்பைத் திருப்பி அனுப்பிப் பழகிய குமாஸ்தாக் கை இது. என் மகனையும் அப்படித்தான் வளர்த்தேன். மரம் ஏறாதே, ஓடாதே, அந்தப் பையன்களோடு சேராதே. பத்து வயதிலும் அவனுக்கு ஒரு சண்டையைத் தானே தீர்த்துக்கொள்ளத் தெரியாது; என்னிடம்தான் ஓடி வருவான். அது அவன் குற்றமில்லை.

இத்தனைக்கும் நான் வளர்ந்தது வேறு மாதிரி. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழிப் படிப்பு. யாராவது மதில்மேல் ஏறினால் ஆசிரியை "அத்தான்சியோன்!" என்று ஒரு குரல் கொடுப்பார். கவனம் என்று அர்த்தம். அதோடு சரி, இறக்கிவிட வரமாட்டார்.

மூன்றாம் நாள் பேத்தி இழுக்கிற பக்கம் நின்றாள். வேகத்தில் மூன்று வயதுப் பொடியன் ஒருவன் உருண்டுவிட்டான். இவள்தான் முதலில் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் திரும்பிப் பார்த்து, "புடிச்சுக்கிட்டியா?" என்று கேட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நார்வே நாட்டு ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர், 2007-இல் சிறுபிள்ளைகளின் துணிச்சல் விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரான கருவிகள், நெருப்பு நீர் போன்றவற்றின் பக்கம், கட்டிப் புரளுதல், தனியே சுற்றித் தொலைந்துபோகக்கூடிய ஆட்டம். எங்கள் மட்டை வண்டி வேகத்தில் சேரும். தைரியம் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கண்டது அடுத்தவரைப் பார்க்கிற பழக்கம். மெத்தை விரித்த இடத்தில் "புடிச்சுக்கிட்டியா?" என்று கேட்க என்ன அவசியம்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் பக்கத்துக் கோடைக்கானலில் தங்கியிருந்த மரியா மாண்டிசோரி, குழந்தைகள் கையில் உடைகிற பாத்திரங்களையே கொடுக்கச் சொன்னவர். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக விட்டவரும் அவர்தான்.

"கிணற்றில் விழுந்தால்?" என்று கேட்பீர்கள். மூடாத கிணறு, தொங்கும் மின்கம்பி, பின்னால் வருகிற ஜீப், தோட்டத்தில் வீசிக் கிடக்கும் பூச்சிமருந்து டப்பா, இவற்றையெல்லாம் பிள்ளையால் எடை போட முடியாது. அதை அகற்றுவது பெரியவர்கள் வேலை. சரிவையும் மட்டையையும் அவர்களே எடை போடுவார்கள். நாம் கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதும். அங்கன்வாடிகளிலும் ஒரு மண்மேடு, இரண்டு தாழ்ந்த கிளை, நாலு மட்டை இருக்கட்டும் என்பேன்.

ஐந்தாம் நாள் பேத்திக்கு முழங்கால் சிராய்த்தது. அன்று இரவே வீடியோவில் அம்மாவிடம் பெருமையாகக் காட்டிவிட்டாள். மருமகள் முகம் மாறியது.

"நீங்க பக்கத்துலதான இருந்தீங்க மாமா?"

"இருந்தேம்மா" என்றேன்.