இன்ஸ்டால் பக்கம் எழுதியாச்சு, அதைப் பார்த்துக்கொள்வது யார்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கம் வருபவர்கள் முதலில் தேடுவது ‘எப்படி இன்ஸ்டால் செய்வது’ என்ற பக்கத்தைத்தான். பலர் திரும்பிப் போவதும் அங்கிருந்துதான்.

மெனு, ஜன்னல்கள், டாஸ்க்பார் எல்லாம் சேர்ந்ததுதான் டெஸ்க்டாப் சூழல். விண்டோஸில் ஒன்றுதான். லினக்ஸில் க்னோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இவை ஓரிடத்தில் நிற்பதில்லை. உபுண்டு 2011-ல் யூனிட்டிக்கு மாறியது, 2017-ல் க்னோமுக்கே திரும்பியது. பிளாஸ்மா 6 வந்தது 2024 பிப்ரவரியில். இணையத்தில் உள்ள தமிழ் வழிகாட்டிகள் பலவற்றில் எந்த வெர்ஷனுக்கு எழுதியது என்றுகூட இருக்காது.

புதுச்சேரியில் இன்றும் ‘ரோடியர் மில் பக்கத்துல’ என்று வழி சொல்வார்கள். மில் 2020-லேயே மூடியாச்சு, ஆனாலும் வழி தப்பாது. தப்பினாலும் டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம். ராத்திரி 11 மணிக்கு கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவர் யாரிடம் கேட்பார்?

தமிழ் தட்டச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க, ஒரு ஃபைலில் மூன்று வரி எழுதிவிட்டு லாக்-அவுட் செய்யச் சொல்வது பழைய முறை. எக்ஸ்11 காலத்துக்கு அது சரி. இப்போது வேலண்ட் வந்துவிட்டது. பிளாஸ்மாவில் ஃபிசிடிக்ஸ் 5-ஐ, செட்டிங்ஸில் ‘வர்ச்சுவல் கீபோர்டு’ என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் யாருக்காவது அங்கே போகத் தோன்றுமா? இதை ஆங்கிலப் பக்கம் எழுதுபவர் விட்டுவிடலாம், அவருக்குத் தேவையில்லை. நாம் விட்டால் அந்த லேப்டாப்பில் தமிழே வராது.

இன்னொன்று: ஏற்கெனவே க்னோம் இருக்கும் கணினியில் பிளாஸ்மாவைச் சேர்த்தால், நடுவில் ஒரு திரை வந்து ஜிடிஎம் வேண்டுமா, எஸ்டிடிஎம் வேண்டுமா என்று கேட்கும். லாகின் திரையை எது காட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி, பிறகு மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு வரி பக்கத்தில் இல்லாவிட்டால் புதியவர் பயந்து பாதியிலேயே ஆஃப் செய்துவிடுவார்.

அதனால், தமிழில் முழுக் கட்டளைப் பட்டியலையும் நகலெடுத்து வைப்பதை நிறுத்தலாம் என்பது என் கருத்து. டெபியன் ஒவ்வொரு நிலையான வெளியீட்டுக்கும் கையேடு தருகிறது. அடிப்படை வேலைக்கு அதன் இணைப்பைக் கொடுத்தால் போதும். தமிழ் எழுத்துரு, தட்டச்சு, புதியவர் தடுமாறும் இடங்கள், இவற்றை மட்டும் நாம் எழுதிப் பராமரிக்கலாம். பக்கம் சின்னதாக இருந்தால்தான் பராமரிக்கவும் ஆள் கிடைக்கும். மேலே எந்த வெர்ஷன், கடைசியாகச் சோதித்த தேதி என்ன என்று போடுங்கள். செத்துப்போன பக்கத்தை நீக்கவும் தயங்க வேண்டாம்.

புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம் போன்ற கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் இருக்கின்றன, கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். இன்ஸ்டால் முகாமில் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அன்றைய வேலை முடியும், பக்கம் மட்டும் பழசாகவே இருக்கும். ஒரு முதலாம் ஆண்டு மாணவரிடம் பக்கத்தை மட்டும் கொடுத்து, விர்ச்சுவல் மெஷினில் செய்யச் சொல்லுங்கள். யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே நிற்கிறாரோ, அந்த வரியை அன்றைக்கே திருத்துங்கள்.