பாலைப் பயணத்தில் பிரிவு வேண்டா

பாலை நிலத்திற்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் வகுத்தனர் நம் முன்னோர். அந்நிலத்தின் கடுமை முழுமையாக வெளிப்படும் வேளை அதுவே. திருப்பதி, சித்தூர்ப் பகுதி மாணவர்கள் இராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்திற்குச் சுற்றுலா செல்ல விரும்பினால், மே மாத விடுமுறையை நினைப்பது இயல்பு. நீண்ட விடுமுறை அப்போதுதான் கிடைக்கிறது. ஆயினும், அம்மாதம் ஏற்றதன்று என்பதே என் கருத்து.

ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே புழுதிப் புயல்கள் எழும். வெப்பம் 45 பாகையையும் கடக்கும். "மணல் மட்டுமே உள்ள இடத்தில் மகரந்தம் ஏது?" எனச் சிலர் வினவலாம். சீமைக்கருவேலமே அதற்கு விடை. 1877இல் நமக்கு அருகிலுள்ள கடப்பா மாவட்டத்தின் கமலாபுரத்தில் நடப்பட்ட அம்மரம், 1913இல் ஜோத்பூர்ப் பகுதிக்கும் சென்றது. இன்று அவ்வறண்ட நிலமெங்கும் பரவியுள்ளது. இளவேனிலில் அது மிகுதியாகப் பூக்கும். காற்றில் கலந்த அதன் மகரந்தம் ஒவ்வாமை உடையோர்க்குத் தும்மலையும் கண் எரிச்சலையும் தரும். ஆஸ்துமா உடையோர்க்கு மூச்சுத்திணறலையே உண்டாக்கக்கூடும்.

இத்தகைய மாணவரிடம், "நீ வீட்டிலேயே இரு" என்று கூறுவது எளிது. ஆனால் அது முறையன்று. விலக்க வேண்டியது மாணவரை அன்று, பொருந்தாத மாதத்தையே. டிசம்பர் இறுதி இப்பயணத்திற்கு ஏற்றது. அப்போது புழுதியும் வெப்பமும் குறைந்திருக்கும்.

அக்காலத்தில் பயணிகள் கூட்டம் மிகுதி; விடுதிக் கட்டணமும் மிகுதி என்பது உண்மையே. முன்கூட்டியே திட்டமிட்டால் இதனைச் சமாளிக்கலாம். இரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன் தொடங்குகிறது. எனவே, அக்டோபரிலேயே நாளை முடிவு செய்துவிட வேண்டும்.

குளிர்காலமும் முற்றிலும் தீங்கற்றதன்று. பாலையின் இரவுக் குளிர்காற்றும் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். ஆகவே, புறப்படுமுன் மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் வேண்டும். உறிஞ்சு மருந்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல், கைக்கெட்டும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதனைப் பயன்படுத்தும் முறையை உடன் செல்லும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று. முகக்கவசமும் கம்பளி ஆடையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டியவை.

பாலைத் திணைக்குரிய ஒழுக்கம் பிரிவு என்பது இலக்கணம். நம் பாலைப் பயணத்திலோ எவரையும் பிரிந்து செல்லுதல் வேண்டா. மாதத்தை மாற்றுவோம், அனைவரும் சேர்ந்தே செல்வோம்.