முதல் அயல்நாடு

குழந்தையோடு வெளிநாடு போய்வரும் பேச்சு, கலசப்பாக்கத்துத் தறிவீடுகளிலும் இப்போது அடிபடுகிறது. எல்லோர் வாயிலும் சிங்கப்பூர்தான். நாம் யாழ்ப்பாணம் என்போம்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. ஏறத்தாழ நான்கு மணி நேரக் கடல். பருவமழையில் நிறுத்திவிடுவதுண்டு, ஆதலால் கோடை விடுமுறையே உகந்தது. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும்; சிறு பிள்ளைகளுக்கு அது ஐந்தாண்டுக்கு மேல் செல்லாது. இலங்கையின் நுழைவு அனுமதியையும் முன்னரே பெற்றுவிடல் நலம். ஏற்பாடு இவ்வளவே.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை, அயல்நாட்டில் இறங்கியதும் பெயர்ப்பலகைகளைத் தானே படிக்கும். (சிங்கப்பூரிலும் தமிழ்ப்பலகை உண்டே என்பர். உண்டு, தெருவெங்கும் கேட்கும் மொழி அதுவன்று.) ‘கதைப்பது’ என்றால் பேசுவது என்றறிந்து சிரிக்கும்.

பிறகு பொது நூலகம். 1981இல் தீயிடப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான இடம். மீளக் கட்டிய அவ்வெள்ளைக் கட்டடத்தின் முன் நின்று, “புத்தகத்தை யார் எரித்தார்கள், ஏன்?” என்று பிள்ளை கேட்கும். பெட்டி கட்டுமுன் பெற்றோர் ஆயத்தம் செய்துகொள்ள வேண்டியது இதற்கான விடையைத்தான். அந்த வயதுக்கு இதெல்லாம் புரியாது என்போரோடு நமக்கு உடன்பாடில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு தாள் கிழிந்தாலே அழுகிற வயதல்லவா அது!