கையால் உருவாகும் ட்ரோனுக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

இந்திய ராணுவம் 2025 மார்ச்சில் வெளியிட்ட ஒரு தகவல் பரவலாகக் கவனிக்கப்படவில்லை. ரைசிங் ஸ்டார் கோரின் ட்ரோன் பயிற்சிப் பள்ளியில், டாங்கிகளைத் தாக்கும் வெடிபொருளைச் சுமக்கக்கூடிய எஃப்பிவி ட்ரோன்கள் 100-க்கும் மேல் வீரர்களாலேயே ஒன்றிணைக்கப்பட்டுள்ளன என்பதே அது. சண்டிகரிலுள்ள டிபிஆர்எல் ஆய்வகத்தின் துணையுடன் 2024 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தில், வெடிபொருள் உள்பட ஒரு ட்ரோனின் செலவு சுமார் ரூ.1.40 லட்சம்.

ட்ரோனின் கேமரா காண்பதை முகத்தில் அணிந்த கண்ணாடித் திரையில் கண்டு இயக்கும் முறையே எஃப்பிவி. பந்தயம், சாகசப் பறத்தல் ஆகியவற்றில் ஈடுபடும் இளைஞர்கள் வீட்டு மேசையில் வளர்த்தெடுத்த கலை இது. உக்ரைன் போரில் அது போர்க்களத்தையே மாற்றியது. நாடு நாடும் இத்திறனுக்குச் சட்டத்தில் உரிய இடம் இருக்கிறதா என்பதே இப்போதைய கேள்வி.

ஒவ்வொன்றும் ஒரு தனி வகை

பந்தய ட்ரோனுக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். சாகச ட்ரோனுக்கு மோதலைத் தாங்கும் வலுவும், தரமான கேமராவைச் சுமக்கும் இடமும் வேண்டும். இரண்டையும் இணைக்க முயல்வதே 'ஹைப்ரிட்' எனப்படும் கலப்பு வடிவம். கார்பன் இழைச் சட்டகம், 4 பிரஷ்லெஸ் மோட்டார்கள், 5 அங்குல இறக்கைகள், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை, பறத்தலைக் கட்டுப்படுத்தும் பலகை, 6 செல் லித்தியம் பாலிமர் பேட்டரி ஆகியவை அதன் வழக்கமான பாகங்கள். மொத்த எடை பெரும்பாலும் 600 முதல் 800 கிராம் வரை இருக்கும். வேகம் மணிக்கு 150 கி.மீ.யைத் தாண்டும். வேகமாகப் பறக்கும்போது பேட்டரி சில நிமிடங்களே தாங்கும்.

பாகங்களைத் தேர்வதும், சால்டரிங் செய்து இணைப்பதும், பீட்டாஃப்ளைட் போன்ற திறந்தமூல மென்பொருளில் அதன் இயல்பைச் செதுக்குவதும் உருவாக்குபவரின் பொறுப்பு. அலைவரிசைத் தேர்விலும் கவனம் தேவை. வெளிநாடுகளில் பரவலாகப் பயன்படும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் இந்தியாவில் கைப்பேசிச் சேவைக்கான அலைவரிசையில் குறுக்கிடும். இங்கு உரிமமின்றிப் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கப்பட்டுள்ளது.

ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் ஒரு கையோ மோட்டாரோ மாற்றப்படும். ஆகவே இத்தகைய இரு ட்ரோன்கள் ஒன்றுபோல் இருப்பது அரிது. ஒரே ட்ரோன்கூட அடுத்த மாதம் அதேபோல் இருப்பதில்லை.

விதியும் வரைவும்

2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள் ஓரளவு தாராளமானவை. 250 கிராம் முதல் 2 கிலோ வரையிலான 'மைக்ரோ' பிரிவை வணிக நோக்கமின்றி இயக்க விமானி உரிமம் தேவையில்லை. கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக நேரடிப் பார்வை எல்லைக்குள் இயக்கப்படும் 25 கிலோ வரையிலான 'மாதிரி' ட்ரோன்களுக்கு வகைச் சான்றிதழிலிருந்து விலக்கும் உண்டு. ஆனால் கண்ணாடித் திரையை அணிந்தவர் தம் ட்ரோனை நேரடியாகப் பார்ப்பதில்லை. அவர் இந்த விலக்குக்குள் வருவாரா என்பதற்கு அந்த வரையறையில் விடை இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு இரு வேறு திசைகளில் நகர்ந்தது. தனிநபர் பயன்பாட்டு ட்ரோன்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதே மாதத்தில் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்ட சிவில் ட்ரோன் மசோதா வரைவு, வகைச் சான்றிதழின்றி ட்ரோனைத் தயாரிப்பதையும் ஒன்றிணைப்பதையும் விற்பதையும் பொதுவிதியாகவே தடுக்கிறது. மீறல்களுக்குச் சிறைத் தண்டனையும் அதில் இடம்பெற்றுள்ளது. 2021 விதிகளின்படி அதிகபட்ச அபராதம் ரூ.1 லட்சம் மட்டுமே.

வகைச் சான்றிதழ் என்பது ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் கலங்களுக்குப் பொருந்தும் ஏற்பாடு. ஒரே ஒரு கலத்தைக் கட்டி, அதையும் வாரந்தோறும் மாற்றும் மாணவருக்கு அது பொருந்தாது.

பாதுகாப்பு அச்சம் நியாயமானதே

அரசின் கவலையைப் புறந்தள்ள முடியாது. 2021 ஜூன் 27-இல் ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது ட்ரோன் தாக்குதல் நடந்தது. 2025 ஜூன் 1-இல் உக்ரைன் 117 சிறு ட்ரோன்களைக் கொண்டு ரஷ்யாவின் உட்பகுதி விமானத் தளங்களைத் தாக்கியது. நாச நோக்கம் இல்லாவிட்டாலும், 700 கிராம் எடை 150 கி.மீ. வேகத்தில் மனிதர் மீது மோதினால் உயிருக்கே ஆபத்து. எனினும், ஜம்மு தாக்குதலுக்கு இரண்டே மாதங்களில் தாராள விதிகளை அறிவித்ததும் இதே அரசுதான். அச்சத்தையும் வளர்ச்சியையும் ஒருசேரக் கருதமுடியும் என்பதற்கு அதுவே சான்று.

உதிரிபாகங்களைச் சார்ந்திருப்பதும் பாதுகாப்புப் பிரச்சினையே. 2022 பிப்ரவரி 9 முதல் முழுமையான ட்ரோன்களின் இறக்குமதி, சில விலக்குகள் நீங்கலாக, தடை செய்யப்பட்டுள்ளது. உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. அவற்றில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. சீனப் பாகங்கள் குறித்த ஐயத்தால், 400 ட்ரோன்களுக்கான 3 ராணுவ ஒப்பந்தங்கள் 2025 பிப்ரவரியில் ரத்தாயின. மோட்டாரின் உயிர்நாடியான அரிய மண் காந்தங்களுக்கு 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. அதே ஆண்டு நவம்பரில், உள்நாட்டில் காந்தம் தயாரிக்க ரூ.7,280 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மோட்டாரையும் பலகையையும் நாளை இங்கேயே வடிவமைக்க வேண்டியவர்கள், இன்று அவற்றைப் பிரித்தும் கோத்தும் பழகும் இளைஞர்களே.

செய்யத்தக்கது என்ன?

வழி தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில், தாமே கட்டிய 25 கிலோவுக்குக் குறைவான ட்ரோன்களை மக்கள் நடமாட்டமும் குடியிருப்பும் இல்லாத பகுதிகளில் பறக்கவிடலாம். அங்கு பொதுவாகப் பதிவு செய்யப்படுவது இயக்குபவர்தான். அவரது எண் அவருடைய ட்ரோன்கள் அனைத்திலும் ஒட்டப்படும். அமெரிக்காவில் கண்ணாடித் திரை அணிந்து பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவருக்கு அருகில், ட்ரோனை வெறுங்கண்ணால் கவனிக்கும் துணைவர் ஒருவர் நின்றால் போதுமானது.

இந்த இரு ஏற்பாடுகளையும் இறுதிச் சட்டத்தில் சேர்ப்பது கடினமன்று. ட்ரோன் எத்தனை முறை உருமாறினாலும் அதைக் கட்டியவர் மாறுவதில்லை. அவரைப் பதிவு செய்தால் பொறுப்பும் அவர் மீது நிலைக்கும். குறித்த திடல்கள், துணைப் பார்வையாளர், உயர வரம்பு ஆகிய நிபந்தனைகளையும் உடன் விதிக்கலாம். மாறாக, ஒன்றிணைப்பதையே குற்றமாக்கினால் விதியை மதிக்கும் மாணவர் விலகிக்கொள்வார். நாச நோக்கம் கொண்டவர் சான்றிதழுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. ராணுவப் பட்டறையில் பாராட்டப்படும் கைத்திறன், கல்லூரிப் பட்டறையில் வழக்காக மாறிவிடாமல் காப்பது சட்டம் இயற்றுவோரின் கடமை.