கனவில் விழித்திருக்க ஒரு பயிற்சி

கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று உணர்வதே தெளிகனவு. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் நடத்திய ஆய்வில், உறங்கிக்கொண்டிருந்தவர் தாம் கனவு காண்பதை உணர்ந்ததும், முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைத்துச் சைகை காட்டினார். கருவி அதைப் பதிவுசெய்தது. தெளிகனவு நிலையை வேண்டும்போது அடைய, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஸ்டீஃபன் லாபெர்ஜ் ஒரு நினைவுப் பயிற்சியை வகுத்தார். சுமார் 5 மணி நேரம் உறங்கியபின் விழித்து, கண்ட கனவை நினைவுகூர வேண்டும். ‘அடுத்து கனவு காணும்போது, அது கனவென்று நினைவுக்கு வர வேண்டும்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு அதே கனவுக்குள் நுழைந்து, அதைக் கனவென்று கண்டுகொள்வதாகக் கற்பனை செய்தபடியே உறங்க வேண்டும். வாயளவில் முணுமுணுத்தால் பலிக்காது. எண்ணத்தில் அழுத்தம் வேண்டும். விடியலை ஒட்டிய நேரத்தில் கனவுறக்கம் நீள்வதால்தான் இரவின் பிற்பகுதி தேர்ந்தெடுக்கப்படுகிறது. எழுந்தவுடன் கனவுகளைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கம் இதற்கு அடித்தளம். ஆனால், அன்றாடம் உறக்கத்தைக் கலைத்துக்கொள்வது உடலுக்குக் கேடு. மறுநாள் ஓய்வுள்ள இரவுகளில் மட்டும் இதை முயல்வதே நல்லது.