தாத்தாவுக்கு என்ன வயசு பாஸ்?

உங்களுக்கு ஒரு குட்டி வைவா. உங்க தாத்தா பேர் என்ன? சொல்லிட்டீங்க. ஊர்? அதுவும் ஓகே. பிறந்த தேதி..?

"ம்ம்ம்... அது வந்து..."னு இழுக்கிறீங்கதானே! கவலைப்படாதீங்க. பல தாத்தாக்களுக்கே அது தெரியாது. நாடு முழுக்க ஒரே மாதிரி பிறப்பு - இறப்பு பதிவுச் சட்டம் வந்ததே 1969லதான். அதுக்கு முன்னாடி கிராமத்துப் பக்கம் வாத்தியார்தான் பிரம்மா! வலது கையைத் தலைக்கு மேல வளைச்சு இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுட்டா அஞ்சு வயசு ஆச்சுன்னு அர்த்தம். பிறந்த தேதியை அவரே ஒரு குத்துமதிப்பா எழுதிப்பார். (உங்க பெரியப்பா, பெரியம்மா சர்ட்டிஃபிகேட்டை எடுத்துப் பாருங்க. மே, ஜூன்ல பிறந்தவங்க கூட்டமா இருப்பாங்க!)

இந்த மேட்டரெல்லாம் எனக்குத் தேவைப்பட்டது 2025 பிப்ரவரியில. கோவில்பட்டியில எங்க தாத்தா, அதாவது அம்மாவோட அப்பா, தவறின அன்னிக்கு. கண்ணீர் அஞ்சலி பேனர் டிசைன் பண்றவர் போன் பண்ணி, "தம்பி, மறைவு போட்டாச்சு. தோற்றம் என்ன போட?"ன்னு கேட்டார்.

மாமா ஆதார் கார்டை எடுத்தார். 1.1.1937. அப்படின்னா வயசு 88. சித்தி வாக்காளர் அட்டையை நீட்டினாங்க. அதுல கணக்குப் போட்டா 92. பழைய ரேஷன் கார்டுபடி 96! ஒரே மனுஷனுக்கு மூணு வயசு. "96னே போடுங்கப்பா, கல்யாணச் சாவு"ன்னு ஒரு பெரியவர் பஞ்சாயத்து பண்ணினார். அதுவரைக்கும் அழாம நின்ன அம்மா, "எங்கப்பாவுக்கு என்ன வயசுன்னுகூட சொல்லத் தெரியலையே"னு உடைஞ்சு போயிட்டாங்க.

மாமா என்னைப் பார்த்தார். "நீ இன்ஜினீயருக்குத்தானே படிக்கிற... கண்டுபிடி!"

என்கிட்ட ஒரு பொக்கிஷம் இருந்துச்சு பாஸ். ஒவ்வொரு செமஸ்டர் லீவுலயும் தாத்தா பேசப் பேச போன்ல பதிவு பண்ணி வெச்சிருந்தேன். மொத்தம் நாலு மணி நேரம். ஹெட்போனை மாட்டிக்கிட்டு மாடிப்படியில உட்கார்ந்தேன். நாலு மணி நேரத்துல ஒரு இடத்துலகூட தாத்தா வருஷம் சொல்லவே இல்லை. ஆனா, க்ளூ கொட்டிக் கிடந்துச்சு!

க்ளூ 1: "மொத எலக்சனுக்கு ஓட்டுப் போட விடலைய்யா, வயசு பத்தாதுன்னுட்டாக. ரெண்டாவதுக்குத்தான் போட்டேன்." முதல் பொதுத்தேர்தல் 1952ல. ரெண்டாவது 1957ல. அப்போ ஓட்டுப் போட 21 வயசு ஆகணும். (அது 18 ஆனது 1988ல வந்த சட்டத் திருத்தத்தால.) 1937ல பிறந்திருந்தா 1957ல ஓட்டு கிடையாது. ஆதார் அவுட்! 96 வயசுன்னா 1952லயே ஓட்டு இருந்திருக்கும். ரேஷன் கார்டும் அவுட்!

க்ளூ 2: "எட்டாப்பு படிக்கையில எட்டயபுரத்துக்கு நடந்தே போனோம். பாரதிக்கு மண்டபம் தொறந்தாக. ராஜாஜியைப் பாக்க அம்புட்டுக் கூட்டம்." கல்கி முயற்சியில, மக்கள் கொடுத்த காசுல கட்டின மணிமண்டபம் அது. திறந்தது 1947 அக்டோபர். கோவில்பட்டியில இருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஒரு எட்டாங்கிளாஸ் பையன் கரிசக்காட்டுல அவ்ளோ தூரம் நடந்திருக்கான்! எட்டாப்பு 1947ன்னா, ஒண்ணாப்பு சேர்ந்தது 1940 ஜூன்.

க்ளூ 3: "மொத வருசம் கை காதுக்கு எட்டலைன்னு வாத்தியார் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. மறுவருசம்தான் சேத்தாக." ஆக, சேரும்போது வயசு அஞ்சுக்கு மேல, ஆறுக்குள்ள. வாக்காளர் அட்டை சொல்ற மாதிரி எட்டு வயசுப் பையன்னா கை காதைத் தாண்டி கழுத்துக்கே போயிருக்கும்! 1934 ஜூன்ல இருந்து 1935 ஜூனுக்குள்ள வந்து நின்னாச்சு.

மாசம்? பாட்டிகிட்ட போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "கரிசல் சேறா கெடக்கையில அவுக பொறந்தாகளாம். மருத்துவச்சி வண்டி சக்கரம் அச்சுவரைக்கும் பொதைஞ்சு போச்சாம். எங்க மாமியா சொல்லுவாக"ன்னாங்க. நம்ம பக்கம் அப்படி மழை கொட்டுறது ஐப்பசி, கார்த்திகையிலதான். "அடை மழையில பொறந்தவன்னுதான் கூப்பிடுவாக, ஐப்பசிதான்"னு பாட்டி முடிச்சு வெச்சாங்க.

பேனர்ல 'தோற்றம்: 1934 ஐப்பசி'ன்னு வந்துச்சு. தாத்தாவுக்கு 90 வயசு. அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க.

ஆனா பாஸ், வயசைத் தேடப் போன எனக்கு வேற ஒண்ணு கிடைச்சுது. தாத்தாவுக்குப் பலசரக்குக் கடை. அவர் கல்யாணம் முடிஞ்ச மறுமாசம், 1957 ஏப்ரல் 1ல, நயா பைசா வந்துச்சு. அதுவரைக்கும் ரூபாய்க்கு 16 அணா. இப்போ ரூபாய்க்கு 100 பைசா. ஒரு அணாவுக்கு 6 பைசா, ரெண்டு அணாவுக்கு 12, மூணு அணாவுக்கு 19, நாலு அணாவுக்கு 25. சரியா வகுத்தா ஒரு அணா ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு எங்கே போறது! (ரவுண்டிங் எரர் நமக்கு லேப்லதான் வரும். தாத்தாவுக்குக் கல்லாப்பெட்டியிலயே வந்திருக்கு.)

இந்தப் பட்டியலைக் கடைக் கதவுல சாக்பீஸால எழுதி வெச்சிருந்தாராம். மூணு அணா சாமானுக்கு 19 வாங்கினா கடைக்காரருக்குக் கால் பைசா லாபம். தாத்தா 18தான் வாங்கியிருக்கார். "நட்டமில்லையா தாத்தா?"ன்னு நான் கேட்கிறது பதிவுல கேட்குது. அவர் சிரிக்கிறார். "எய்யா, தீப்பெட்டி ஒட்டி கூலி வாங்கிட்டு வர்ற புள்ளைக. அதுக கையில போயி மீதி கால் பைசாவைப் பிடுங்கவா? நட்டம் பாத்தா கடை நடத்தலாம், ஊருக்குள்ள நடக்க முடியாது."

தாத்தாவோட கடைசி ஊர்வலத்துல முன்னாடி நடந்தவங்கள்ல ஒரு பாட்டியம்மா எங்க சொந்தமே இல்லை. "சின்னப் புள்ளையில அண்ணாச்சி கடையிலதான் வெல்லம் வாங்குவேன்"னு சொன்னாங்க. அந்தப் பதினெட்டுப் பைசா கணக்கு எங்களுக்குத்தான் புதுசு. ஊருக்குத் தெரிஞ்சிருக்கு.

அதனால ஃப்ரெண்ட்ஸ், இந்த வாரம் உங்களுக்கு ஒரு அசைன்மென்ட். தாத்தாவோ, பாட்டியோ... யார் இருக்காங்களோ அவங்க பக்கத்துல போய் உட்காருங்க. "எப்போ பிறந்தீங்க?"ன்னு கேட்காதீங்க, "யாருக்குத் தெரியும்"னு திரும்பிப் படுத்துப்பாங்க. "ஸ்கூலுக்கு எப்படிப் போனீங்க? முதல் சம்பளம் எவ்ளோ? கல்யாணத்துக்கு என்ன சமைச்சாங்க?"ன்னு ஆரம்பிங்க. போன்ல பதிவு பண்றோம்னு சொல்லிட்டே பண்ணுங்க. குறுக்கே பேசாதீங்க. சொன்ன கதையையே திரும்பச் சொன்னா இன்னும் நல்லது. ரெண்டாவது தடவைதான் புது க்ளூ விழும்!

லீவு முடியறதுக்குள்ள கேட்டு வைங்க. ஓகேவா?